ஜூலை மூட்டத்தில் ஒளி ஊடுருவும் சோலார் கூரையைச் சோதித்துப் பாருங்கள்

உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளுக்கும், நீலகிரி மாவட்டத் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் இரண்டு பசுமைக்குடில் வைத்திருக்கிறேன். கார்னேஷன்தான் முக்கியம், ஓரத்தில் லெட்யூஸும் புரோக்கோலியும். சொட்டுநீருக்கும் மருந்தடிக்கவும் மோட்டார் ஓட வேண்டும். காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டால் கரண்ட் எப்போது வருமென்று யாராலும் சொல்ல முடியாது. சோலார் போடு என்கிறார்கள். எங்கே போடுவது? தரையில் போட்டால் ஒரு பாத்தி போய்விடும். குடில் மேல் போட்டால் பூவுக்கு நிழல்.

அதனால்தான் ஒளி ஊடுருவும் ஆர்கானிக் சூரிய மின்கலம் பற்றிப் படித்ததும் விடாமல் தேடினேன். இந்த ஆர்கானிக்குக்கும் இயற்கை உரத்துக்கும் சம்பந்தமில்லை. கரிம மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலம் இது. எந்த நிற ஒளியைப் பிடிக்க வேண்டும் என்று பார்த்து அந்த மூலக்கூறுகளை வடிவமைக்கலாம். இலைக்குத் தேவை பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பிலிருந்து படலம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பங்கு போகத்தான் செய்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த மின்கலம் வடிகட்டிய ஒளியில் சிவப்பு லெட்யூஸ் வளர்த்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் எடை பெரிதாகக் குறையவில்லை. 2023இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யாங் யாங் குழு கோதுமை, பாசிப்பயறு, புரோக்கோலி வளர்த்தது. சாதா சோலார் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கூரையைவிட இந்தப் படலம் போட்ட கூரையின் கீழ் செடிகள் நன்றாக வந்தன. குளுட்டாதியோன் என்ற பொருளை ஓர் அடுக்காகச் சேர்த்ததில், 1000 மணி நேரத்துக்குப் பிறகும் மின்கலத்தின் திறன் 80 சதவீதத்துக்கு மேல் நின்றது.

நல்ல செய்திதான். ஆனால் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் என்று வைத்தால், 1000 மணி என்பது ஆறு மாதம்கூட இல்லை. நாங்கள் போடும் பிளாஸ்டிக் ஷீட்டே சில வருடம் தாங்குகிறது. அப்புறம் எங்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பத்தடி தள்ளி நிற்கும் மரம் தெரியாத மூட்டம், விடாத ஈரம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் பங்கு கேட்டால் கார்னேஷன் தண்டு என்ன ஆகும்? தண்டு குட்டையானால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். அந்த இரண்டு ஆய்விலும் கார்னேஷன் இல்லை.

மானியத் திட்டமாக இதை அறிவிப்பதற்கு முன் ஒரு சிறிய குடிலில் பாதிக் கூரைக்கு இந்தப் படலம், பாதிக்கு வழக்கமான ஷீட் என்று போட்டு, ஒரு ஜூனிலிருந்து அடுத்த ஜூன் வரை பாருங்கள். மூட்ட மாதங்களில் எத்தனை யூனிட் வந்தது, தண்டு எவ்வளவு நீண்டது, பூ எத்தனை நாள் தள்ளிப்போனது, ஜனவரி உறைபனி இரவில் உள்ளே எவ்வளவு சூடு தங்கியது, எல்லாவற்றையும் அளந்து தமிழில் வெளியிடுங்கள். சரிப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கிழிந்த படலத்தை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாமென்று சொல்லும் மாவட்டம் இது.

என் ஒரு குடிலுக்கு அடுத்த வருடம் ஷீட் மாற்ற வேண்டும். இடம் வேண்டுமென்றால் அதில் பாதியைத் தருகிறேன். தினமும் காலையும் மாலையும் அளவு குறித்துத் தரவும் நான் தயார்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து மலர் விவசாயி