கைராசி இருக்கட்டும், பிபி ஒழுங்கா பாக்குறாங்களா?

ஆசிரியருக்கு வணக்கம்,

யாருக்காவது உடம்பு சரியில்லன்னா உடனே "அவர்கிட்ட போ, கைராசிக்காரர்"னு சொல்லிடுறோம், ஏன்னு கேட்டா வாசல்ல நிக்கிற கூட்டத்த காட்டுவோம், இல்லன்னா ஒரே ஊசியில காய்ச்சல் ஓடிப்போச்சும்போம். வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் சில நாள்ல தானாவே இறங்கிடும், அதுல ஊசிக்கு என்ன பெருமையோ.

எங்க அம்மா போன மாசம் ஒரு கிளினிக்குக்கு மாடிப்படி ஏறி மூச்சு வாங்க போய் நின்னாங்க, அதுக்குள்ள டோக்கன கூப்பிட்டாச்சு. உக்காந்ததும் உக்காராததுமா துணி மேலயே பிபி பட்டைய சுத்தி, கை தொங்கிட்டு இருக்க, தூக்கம் வருதா பசி எடுக்குதான்னு பேச்சு குடுத்துக்கிட்டே காத்தடிச்சாங்க. மேல் அளவு 160. இப்படி பாத்தா பிபி இருக்குறத விட கூடுதலாதான் காட்டும். உடனே மாத்திரை டோஸ் ஏறிடுச்சு. நாலே நாள்ல எந்திரிச்சாலே தல சுத்துதுன்னு செவுத்த புடிச்சு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொரு எடத்துக்கு கூட்டிட்டு போனேன். அங்க நர்ஸம்மா அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வச்சாங்க, முதுகு சாஞ்சு, கால் தரையில, கைய நெஞ்சு உயரத்துக்கு டேபிள் மேல, பேசாதீங்கம்மான்னுட்டு ரெண்டு தடவ பாத்தாங்க. 104. டாக்டர் பழைய சீட்டெல்லாம் வாங்கி பாத்துட்டு முந்தின டோஸுக்கே மாத்தினார், ரெண்டு வாரம் கழிச்சு அதே மாதிரி பாத்தப்ப 132. இந்த கிளினிக்ல ஏசி கூட கெடையாது.

அவேடிஸ் டொனபீடியன்னு ஒரு டாக்டர் 1966லயே இத எழுதி வச்சிருக்கார், வைத்தியத்தோட தரத்த மூணா பாக்கணும்னு: என்ன வசதி இருக்கு, வேலைய எப்படி செய்றாங்க, நோயாளி கடைசில என்ன ஆனார். நாம மொத விஷயத்தோட நின்னுடுறோம், போன்ல ஸ்டார் போடுறவங்களும் ரிசப்ஷன்ல சிரிச்சாங்களா எவ்ளோ நேரம் காக்க வச்சாங்கன்னுதான் எழுதுறாங்க. கடைசி விஷயத்த மட்டும் வச்சும் சொல்ல முடியாது, முத்தின கேஸயும் தட்டாம பாக்குற டாக்டர் கணக்குலதான் மோசமா தெரிவார்.

டாக்டர்களையும் முழுசா குத்தம் சொல்ல மனசு வரல. 67 நாட்டு கணக்க தொகுத்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்குற நேரம் பங்களாதேஷ்ல சராசரியா 48 செகண்ட், ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல. 48 செகண்ட்ல என்னத்த கேட்டு என்னத்த பாக்குறது?

நான் கேக்குறது சின்ன விஷயம்தான். கிளினிக் வாசல்ல டாக்டரோட பட்டத்தெல்லாம் எழுதி போடுறாங்கல்ல, அதுக்கு கீழ, இங்க வர்ற சுகர் பேஷண்ட்ல எத்தன பேருக்கு இந்த வருஷம் பாதத்த தொட்டு பாத்தோம், எத்தன பேர கண் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம், எத்தன பேருக்கு மூணு மாச சராசரி சுகர் கட்டுக்குள்ள இருக்குன்னு ஒரு போர்டு வைக்கட்டும். எங்க அம்மாவுக்கு பத்து வருஷமா சுகர், இதுவரைக்கும் ஒருத்தர் கூட செருப்ப கழட்ட சொன்னதில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி