உகாய் நம் மண்ணிலும் வளர்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். அந்தக் குச்சியைத் தருவது அரபுப் பாலைவனத்தில் மட்டுமே வளரும் செடி என்ற வரிதான் மனதை உறுத்தியது. ஆபிரிக்காவிலிருந்து அரபு நாடுகள், இராஜஸ்தான் வரை பரந்து கிடக்கும் அதே செடி நம் இலங்கையின் மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டைக் கரைகளிலும் நிற்கிறது. தமிழில் அதற்கு உகாய் என்று பெயர். பாலையைப் பாடிய சங்கப் புலவர் ஒருவர் அதன் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கும், கொத்துப் பழத்தை இறால் முட்டைக்கும் ஒப்பிட்டிருக்கிறார். பார்த்துப் பழகாதவருக்கு அந்த உவமை வராது.

என் உம்மாவின் ஊர் மன்னார். சோளகக் காற்று வீசி மற்றப் பற்றைகள் சருகாகும் ஆடி, ஆவணியிலும் உகாய் பச்சை மாறாது. நேராக வளராமல் கோணலும் முறுக்குமாகக் கிளைத்து நிலத்தை நோக்கித் தாழும். இலைகள் எதிரெதிராக, சதைப்பற்றோடு இருக்கும். ஒன்றைக் கிள்ளி மென்றால் கடுகைக் கடித்ததுபோல் நாக்கில் சுரீரென்று ஏறும். தாவரவியலாளர்கள் உகாயையும் கடுகையும் முருங்கையையும் ஒரே வரிசையில் வைப்பது வீணுக்கல்ல. பூ மிகச் சிறியது, பச்சை கலந்த மஞ்சள். பழம் சிவந்ததும் குருவிகள் வந்துவிடும். இளஞ்செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் புழுக்கள் இந்த இலையைத் தின்று வளர்கின்றன.

மன்னாரில் பெய்யும் மழை கொழும்பின் மழையில் பாதிகூட இல்லை. மண்ணிலோ உப்பு. ஆழமாக இறங்கும் வேரால் உகாய் அங்கே தாக்குப்பிடிக்கிறது, கரை மணலையும் பிடித்து வைக்கிறது.

புறக்கோட்டையில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது, வெளிநாட்டுப் பொதியில் அடைத்த குச்சியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஊரிலோ, சென்ற வருடம் என் மாமாவின் வளவைத் துப்புரவாக்க வந்த பெக்கோ இயந்திரம், இரண்டு ஆள் உயர உகாயை வேரோடு புரட்டிப் போட்டது. வெறும் பற்றைதானே என்றார் மாமா. பிளந்து கிடந்த வேரிலிருந்து அதே மிஸ்வாக் வாசனை வந்தது. அவரிடம் ஒரு துண்டை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை, மன்னாரில் எடுத்த உகாயின் படம் ஒன்றோடு வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாளிகாவத்தை, கொழும்பு 10.