முதலில் மாடிக் குழாயை மூடச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட பஸ் படம் பேப்பரில் தவறாமல் வரும். தரைத்தள வீட்டு பாத்ரூமில் தரை ஜாலி வழியாகக் கொப்பளித்து ஏறும் சாக்கடையை யாரும் படம் எடுப்பதில்லை, எடுத்தாலும் காலை காபியோடு யார் பார்ப்பார்கள்? மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடி அடுக்ககத்தில் கீழ்வீட்டில் குடியிருப்பவன் நான், அதனால் சொல்கிறேன்.

அந்தத் தண்ணீர் முழுக்கத் தெருவிலிருந்து வருவதில்லை. தெருச் சாக்கடை லைன் நிரம்பி நம் சேம்பர் (வீட்டுக் கழிவுநீர் தெரு லைனுக்குப் போகும் வழியில் இருக்கும் மூடி போட்ட குழி) தண்ணீரை வாங்காமல் நின்றுவிட்டால், மாடியில் இழுக்கிற ஃப்ளஷ், வாஷிங் மெஷின் தண்ணீர் எல்லாம் போக வழியில்லாமல் இருப்பதிலேயே தாழ்வான ஓட்டையில்தான் வெளியே வரும், அது கீழ்வீட்டு கக்கூஸும் பாத்ரூமும். அதனால் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டி, "கொஞ்ச நேரம் தண்ணி விடாதீங்க சார்" என்று சொல்ல வேண்டும். "எங்க வீட்ல நல்லாத்தானே போகுது" என்பார்கள். போகத்தான் செய்யும், எங்கள் வீட்டுக்கு!

அடுத்தது கரண்ட். தண்ணீர் அறைக்குள் வந்துவிட்டால் மெயினை அணைக்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். மெயின் பெட்டிக்கே ஈரத்தில் நின்றுதான் போக வேண்டும் என்றால் அதையும் தொடாமல் மின்வாரியத்தைக் கூப்பிட்டு வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மேல்வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

சுத்தம் செய்யும்போதுதான் பெரிய ஆபத்தே. நம் வீடுகளில் நாற்றம் என்றால் கை தானாக ஆசிட் பாட்டிலுக்குப் போகும், கூடவே பிளீச்சிங் பவுடரையும் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத நம் பாத்ரூம்களில் அது நெஞ்சை அடைத்துவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். முதலில் சேற்றை வழித்தெடுத்து சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், அழுக்கு இருக்கும் வரை பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. அப்புறம் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போதும். ரப்பர் கையுறை, கம்பூட் இல்லாமல் இறங்காதீர்கள், காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் அது வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறிவிடும். பிறகு காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் டாக்டரிடம் சாக்கடைத் தண்ணீரில் நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நனைந்த மெத்தை, தலையணையைக் காயவைத்துப் பார்க்க ஆசை வரும், போனால் போகட்டும் என்று தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சம்ப்பை, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, எல்லோரும் மறந்துவிடுவார்கள். பல வீடுகளில் சேம்பரும் சம்ப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் மோட்டார் போடக் கூடாது, போட்டால் மொட்டைமாடி டேங்கும் சேர்ந்து கெட்டு எல்லா வீட்டுக் குழாயிலும் அதுதான் வரும். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி குளோரின் போட்ட பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். அடைப்பு எடுக்க யாரோ ஒரு ஆளைப் பிடித்து வந்து, கையில் ஐநூறு ரூபாயைத் திணித்து, குழிக்குள் இறக்குகிற வேலை இன்னும் நம் தெருக்களில் நடக்கிறது. உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த நாற்றமும் தெரியாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவார், காப்பாற்றக் குதித்தவரும் போய்விடுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை வரை போகும் குற்றம், இறக்கிவிட்ட வீட்டுக்காரரும் தப்ப முடியாது. சென்னையில் 1916-க்கு போன் செய்தால் குடிநீர் வாரியத்தில் புகாரைப் பதிந்துகொள்வார்கள், மெஷின் லாரி வரும் வரை காத்திருப்பதுதான் வழி.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது, ஆனாலும் மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடை சேம்பரில் சொருகி வைத்திருக்கும் கட்டடங்கள் எத்தனையோ, அந்த மழைத்தண்ணீரும் சேர்ந்துதான் சாக்கடையை நிரப்புகிறது. மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து மாடியில் ஊற்றுங்கள், சேம்பர் மூடியைத் திறந்து வைத்து ஒருவர் கீழே பார்க்கட்டும். மஞ்சள் அங்கே வந்தால் அசோசியேஷன் கூட்டத்தில் முதல் செலவு அந்தக் குழாயை மாற்றுவது. கீழ்வீட்டு லைனுக்கு, தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுவது இரண்டாவது, அந்தச் செலவை எல்லா வீடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்,
மேற்கு மாம்பலம், சென்னை.