மெரோலாவின் பாட்டையும் நடிப்பையும் பிரிக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நேப்பிள்ஸ் இசைக் கட்டுரையில் மரியோ மெரோலாவுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது: 'இத்தாலிய மொழிப் பாடகர், சில படங்களிலும் தலைகாட்டியவர்.' ஆபரா (இசைநாடக) பாடகர் கரூசோவுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியதில் குறையில்லை. ஆனால் அந்த ஒற்றை வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. மெரோலாவின் பெயர் நிற்பது நேப்பிள்ஸ் மொழிப் பாடல்களால். நடிப்பும் அவருக்கு உபதொழில் அல்ல. பாட்டும் நடிப்பும் ஒரே வேலையாக இருக்கிற ஒரு மேடைக் கலையிலிருந்து வந்தவர் அவர். அதன் பெயர் ஷெனெஜ்ஜாத்தா. கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பாட்டும் வேடிக்கையுமாக நடந்த வெரைட்டி நிகழ்ச்சிகள் மேல் இத்தாலிய அரசு கடுமையான வரி போட்டது. நேப்பிள்ஸ் நாடகக் கம்பெனிகள் ஒரு குறுக்குவழி கண்டன. ஏற்கெனவே ஊர் வாயில் புழங்கும் ஒரு பாட்டை எடுத்து, அதைச் சுற்றி வசனம் எழுதி, 'இது நாடகம்' என்று காட்டிவிட்டன. கஃபியெரோ - ஃபூமோ கம்பெனி இதில் முன்னோடி. வரிக்குப் பயந்து பிறந்த கலை என்று சிலர் இளப்பமாகப் பேசுவதுண்டு. எப்படிப் பிறந்தால் என்ன, அதற்கென்று கறாரான ஒரு கட்டுமானம் அமைந்துவிட்டது.

மூன்று வேடங்கள் இல்லாமல் ஷெனெஜ்ஜாத்தா இல்லை: இஸ்ஸோ, எஸ்ஸா, ஓ மலமெந்தே. அவன், அவள், கெட்டவன். நம் பழைய நாடக மேடையின் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரி. கூடவே ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு கோமாளி. நாடகத்தின் பெயரும் பாட்டின் பெயரும் ஒன்றேதான். பார்க்க வருகிறவருக்குப் பாட்டு மனப்பாடம், ஆகவே முடிவும் தெரியும். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சம்பவத்தை நிறுத்தி வைப்பதுதான் வசனத்தின் வேலை. பாட்டு கடைசியில்தான் வர வேண்டும். முன்கூட்டியே முழுசாகப் பாடிவிட்டால் மிச்ச நாடகம் சப்பென்று போய்விடும். இன்று மேடையேற்றுபவர்கள் சிலர், மியூசிக்கல் மாதிரி காட்சிக்கொரு பாட்டு வைத்து இதைத்தான் கெடுக்கிறார்கள்.

'ஸப்பத்தோரே' நல்ல உதாரணம். லிபெரோ போவியோ எழுதி, ஃபெர்தினாந்தோ அல்பானோ இசையமைத்த பாட்டு. மம்பட்டி பிடித்து மண்ணைக் கொத்திப் பிழைப்பவர் என்று பொருள். அப்படி உழைத்து மகனை வக்கீலாக்குகிறார் ஒரு தகப்பன். மகனோ ஊரை மறந்து நகரத்துப் பெரிய மனிதர்களோடு சேர்ந்துகொள்கிறான். தாய் சாகக் கிடக்கும் நேரத்தில், நடன விருந்து நடக்கிற மண்டபத்துக்குள் தகப்பன் நுழைகிறார். எடுத்த எடுப்பில் திட்டு இல்லை. கழுத்துப்பட்டை கட்டிய கனவான்களுக்கு முறையாக வணக்கம் சொல்கிறார். அந்த மரியாதையிலேயே குத்தல் இருக்கிறது. இந்த இடத்தில் குரலை உயர்த்தினால் காட்சி போச்சு. பின்னால் கோபம் ஏற இடமிருக்காது. மெரோலா இங்கே கிட்டத்தட்டப் பேசுகிறார், பிறகு படிப்படியாகத்தான் பாடுகிறார். 1980-இல் அல்ஃபோன்சோ ப்ரேஷா இதைப் படமாக்கினார். தாயாக ரெஜினா பியாங்கி. கட்டுரை எழுதியவர் அந்த ஒரு காட்சியைப் பார்த்திருந்தால் 'தலைகாட்டியவர்' என்று எழுதியிருக்க மாட்டார்.

இந்த வகைப் பாட்டுக்குக் 'கன்சோனே எ ஜாக்கா' என்று பெயர், அதாவது ஜாக்கெட் பாட்டு. கச்சேரிக்குரிய, பின்பக்கம் நீண்ட 'வால்கோட்'டைக் கழற்றிவிட்டு, தெருவில் போடும் சாதாரண மேல்சட்டையில் நின்று பாடுவது. உடுப்பே பாத்திரம் என்பதால், நாலு நிமிடப் பாட்டிலும் பாடகர் நடித்தே ஆக வேண்டும். ஆபராவின் உச்சக்குரல் ஆண் பாடகர்களான டெனர்கள் நேப்பிள்ஸ் பாட்டுகளை உருட்டி மெருகேற்றிப் பாடுவார்கள். மெரோலாவிடம் அந்த மெருகைத் தேடிவிட்டு 'கரகரப்பு' என்று குறை சொல்வது சரியில்லை.

வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். 1934 ஏப்ரல் 6-இல் நேப்பிள்ஸில் பிறந்தார். பாட்டுக்கு வருமுன் துறைமுகத்தில் சுமை தூக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மங்கிக் கிடந்த ஷெனெஜ்ஜாத்தாவை 1970-களில் மறுபடி அரங்கு நிறைய ஓடவைத்ததில் பெரும்பங்கு அவருக்கு. 1973-இல் 'ஸ்காரோ அல்லா கமோர்ரா' முதல் படம். 1978-இல் 'லூல்திமோ குவாப்போ'வுக்குப் பிறகு வரிசையாகப் படங்கள் வந்தன. அவற்றில் பாதி குடும்பக் கண்ணீர், பாதி துப்பாக்கியும் கடத்தலும். உம்பெர்த்தோ லென்ஸியின் 1979 படமான 'தா கொர்லியோனே ஆ ப்ரூக்லின்' இரண்டாவது ரகம், அதில் அவர் மாஃபியா தலைவன். 1982-இல் 'த்ரதிமெந்தோ', 'ஜுரமெந்தோ' இரண்டிலும் இளைஞர் நீனோ தாஞ்சலோவோடு நடித்தார். 2006 நவம்பர் 12-இல் கஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாவில் காலமானார். இறுதிச் சடங்கு நடந்த கார்மினே தேவாலயத்துக்கு வெளியே சதுக்கம் கொள்ளாத கூட்டம்.

படங்களை வைத்து அவரை எடை போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இத்தாலி முழுக்க ஓட வேண்டுமே என்று வசனம் பெரும்பாலும் நேப்பிள்ஸ் வாடையடிக்கும் இத்தாலியத்தில் இருக்கும், பாட்டு வந்ததும் மொழி மாறும். அக்கால வழக்கப்படி குரலைப் பின்னால் சேர்த்ததால் உதடும் ஒலியும் சில இடங்களில் ஒட்டாது. மேடையில் கெட்டவனைப் பார்த்து ரசிகர்கள் போடும் கூச்சலும் படத்தில் கிடையாது. கலையில் பாதி அந்தக் கூச்சல்தான்.

மொழி பற்றி ஒன்று. நேப்பிள்ஸ் மொழியில் சொல்லின் கடைசி உயிர் நம் குற்றியலுகரத்தையும்விடத் தேய்ந்து ஒலிக்கும். சில சொற்களுக்குப் பின் மெய் இரட்டிக்கும். ரொட்டி 'பானே', முன்னால் 'ஓ' சேர்ந்தால் 'ஓ ப்பானே'. வல்லினம் மிகும் இடம் தெரிந்த தமிழ் வாசகருக்கு இது விளங்காமல் போகாது. ஆகவே பெயர்களை இத்தாலிய உச்சரிப்புக்குத் 'திருத்தி' அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாட்டுத் தலைப்பில் வரும் 'நப்புலித்தானே'யை 'நப்பொலித்தானே' ஆக்கியிருக்கிறீர்கள், மூலத் தலைப்பில் 'பு'தான்.

கேட்க விரும்புகிறவர்கள் 'ஸப்பத்தோரே'யில் தொடங்கலாம். அடுத்து 'லாக்ரெமே நப்புலித்தானே', அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவன் கிறிஸ்துமஸுக்குத் தாய்க்கு எழுதும் கடிதம். பிறகு 'குவாப்பரியா': காதலியை அவமானப்படுத்தவென்றே வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்த தெரு ரவுடி, பாடப் பாடத் தானே உடைந்துபோகிறான். வரிகளை மொழிபெயர்ப்போடு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை தெரியாமல் கேட்டால் வெறும் உரத்த குரலாகத்தான் படும். கடைசியாக, அவருக்குப் பியானோ வாசித்த ஜீஜி தலெஸ்ஸியோவோடு சேர்ந்து பாடிய 'சியெந்தான்னே'.

இப்படிக்கு,
இசைப் பகுதி வாசகர்,
கோயம்புத்தூர்.