ஷிப்ட் வாரியான பட்டியலை வெளியிடுங்கள்

தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். என் வகுப்பில் மருத்துவத்துக்கு நீட் எழுதப்போகும் பிள்ளையும் பொறியியலுக்கு ஜேஇஇ மெயின் எழுதப்போகும் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். இரண்டு தேர்வையும் நடத்துவது நீங்கள். ஆனால் முடிவைப் புரிந்துகொள்வதில் இருவருக்கும் நடுவே ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

நீட் ஒரே நாளில், ஒரே வேளையில், வட்டங்களைக் கறுப்பாக்கும் ஓஎம்ஆர் தாளில் நடக்கிறது. 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூடும், தவறுக்கு ஒன்று குறையும். விடைக்குறிப்பை வைத்துப் பிள்ளை வீட்டில் கூட்டிப் பார்க்கும் எண்தான் முடிவிலும் வரும். ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் கணினியில், பல நாள், பல ஷிப்டுகளில், ஷிப்டுக்கு ஒரு வினாத்தாளாக நடக்கிறது. இரண்டு முறை எழுதி நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல். காய்ச்சலில் படுத்தால் ஒரு வருடமே போய்விடும் நீட்டில் அது கிடையாது. ஆனால் 300க்குக் கூட்டி வைத்த மதிப்பெண் ஸ்கோர்கார்டில் இருக்காது. ஏழு தசம இடத்துக்கு நீளும் பெர்சன்டைல்தான் இருக்கும்.

சூத்திரத்தை நீங்கள் மறைக்கவில்லை. ஒரு ஷிப்டில் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணோ அதற்குக் கீழோ வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. கடினமான ஷிப்டில் 270 வாங்கி முதலிடம் வந்தாலும், எளிதான ஷிப்டில் 300 வாங்கி வந்தாலும் இருவருக்கும் 100. எல்லா ஷிப்டிலும் உட்காரும் கூட்டம் திறமையில் ஏறக்குறைய சமம் என்ற அனுமானத்தில்தான் இது நிற்கிறது. லட்சக்கணக்கானோரைக் கலைத்துப் போட்டுப் பிரித்தால் அந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்தும். நானே வகுப்பில் அப்படித்தான் விளக்குகிறேன். ஆனால் பத்து லட்சம் பேர் எழுதும் தேர்வில் 0.1 பெர்சன்டைல் என்றால் ஆயிரம் ராங்க். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை வெறும் நம்பிக்கையின் பேரில் ஏற்கச் சொல்வது எப்படி?

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி, 200க்குத் தன் கட்-ஆஃப் என்ன என்பதைப் பிள்ளை பேருந்தில் போகும்போதே சொல்லிவிடும். அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி, ஏசிடி இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியான நிறுவனங்களின் தேர்வுகள். அவர்களே சேர்ந்து 2018இல் ஒப்பீட்டுப் பட்டியல் வெளியிட்டார்கள்: ஏசிடியில் 30 என்றால் எஸ்ஏடியில் சுமார் 1370. போட்டியாளர்களால் முடிந்தது, ஒரே அமைப்பின் இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே ஏன் முடியாது?

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஷிப்டிலும் எந்த மதிப்பெண்ணுக்கு எந்த பெர்சன்டைல் என்ற பட்டியலை, அந்த ஷிப்டில் எழுதியவர்களின் எண்ணிக்கையோடு, முடிவு வெளியாகும் நாளிலேயே கொடுங்கள். ஷிப்டுக்கு ஒரு பக்கம் போதும். இன்று கோச்சிங் சென்டர்கள் ஊகித்து அச்சடிக்கும் பட்டியலைத்தான் பெற்றோர் நம்புகிறார்கள். (அதைக் காட்டித்தான் அடுத்த வருட அட்மிஷனும் நடக்கிறது.)

நீட்டையும் கணினிக்கு மாற்றும் யோசனை அடிக்கடி எழுகிறது. மாறினால் அங்கும் ஷிப்ட் வரும், பெர்சன்டைல் வரும். அதற்கு முன்பே ஜேஇஇ பட்டியலை வெளியிடுங்கள். அடுத்த ஜனவரி அமர்விலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்