சுங்கை ரோட்டில் வாங்கிய லாரி

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம்; நீயும் கவிதாவும் பெர்த்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பிளாஸ்டிக் லாரியின் படங்களைப் பார்த்துவிட்டு, பாகங்களாக வாங்கி நாமே ஒட்டிக் கட்டும் அதே மாடல் பெட்டி புதிதாகவே கடையில் கிடைக்கும்போது யாரோ பாழாக்கி வைத்த ஒன்றோடு எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள், நான் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். கைப்பேசியில் இரண்டு வரியில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்போகிறார்கள் என்று தெரிந்து ஊரே அங்கே போய் வந்துகொண்டிருந்த சமயத்தில், தரையில் விரித்த தார்ப்பாயில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் செல்லாத நாணயங்களுக்கும் நடுவே கிடந்ததை நான் வாங்கி வந்தது உனக்கு நினைவிருக்கலாம். பெட்டியும் இல்லை, விளக்கத்தாளும் இல்லை. கட்டியவர் யாரென்று விற்றவருக்கும் தெரியவில்லை. அன்று வீட்டில் சாமான் போட்டு வைக்கும் பாம் ஷெல்டருக்குள் போனது, நான் வேலையை விட்ட பிறகுதான் வெளியே வந்தது. மாடல் பெட்டிகள் செய்யும் ஏ.எம்.டி நிறுவனம் 1/25 அளவில் வெளியிட்ட பீட்டர்பில்ட் 359 அது. உண்மையான 359 வண்டி 1967 முதல் 1987 வரை அமெரிக்காவில் தயாரானது: எஞ்சினைச் சுமந்து கேபினுக்கு முன்னால் நீண்ட மூக்கு, கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்கள், பின்புறம் இரட்டை அச்சு, மொத்தம் பத்துச் சக்கரங்கள். நான் தஞ்சோங் பகார், கெப்பல் துறைமுகங்களில் ஓட்டிய, கண்டெய்னர் ட்ரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் எதற்கும் மூக்கு என்பதே கிடையாது. எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்து ஓட்டியே என் காலம் போயிற்று. அமெரிக்காவிலும் கிழக்கு மாநிலங்களில் வண்டியின் மொத்த நீளத்துக்குக் கடுமையான வரம்பு இருந்த நாட்களில் மூக்கில்லாத வண்டிகள்தாம் அதிகம் ஓடின. வரம்பு தாராளமாக இருந்த மேற்குப் பக்கத்தில்தான் இப்படி மூக்கை நீட்டிக்கொண்டு ஓட முடிந்தது. 1982இல் வந்த சட்டம் அந்த வரம்பைத் தளர்த்திய பிறகு அங்கே மூக்கில்லாதவை மெல்லக் குறைந்துபோயின. இது பேச்சோடு பேச்சாகச் சொன்னது, விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டியவர் டியூபில் வரும் கெட்டிப் பசையைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தப் பசை ஒட்டுவதோடு நிற்பதில்லை, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். கரைந்த இடத்தில் கை பட்டால் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிடும். வலப்பக்கக் கதவின் கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, அடையாள அட்டைக்கு எடுத்ததைப் போலத் தெளிவாக இருக்கிறது. 1/25 அளவு என்றால் இங்கே 1 மில்லிமீட்டர் கனத்துக்கு வழிந்து நிற்கும் பசை, உண்மை வண்டியில் இரண்டரை சென்டிமீட்டர் கனம். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வண்டியின் எஞ்சின் மேல் யாரோ சிமெண்டைக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மேலே அடிப்பூச்சான பிரைமர் இல்லாமல் பிரஷ்ஷால் அப்பிய சிவப்பு எனாமல். ஒரு பக்கக் கண்ணாடித் தாங்கியும் ஒரு ஹாரனும் காணவில்லை. பத்துச் சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. அதன் அடியில் ஒரு தாளைத் தடையில்லாமல் நுழைத்து எடுக்கலாம்.

என்னை உண்மையிலேயே உறுத்தியது இவை எதுவும் அல்ல. ட்ரெய்லரைப் பூட்டும் தட்டான ஃபிப்த் வீலை அவர் திருப்பி ஒட்டியிருந்தார். அதன் வாய் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்க வேண்டும்; வண்டியை ரிவர்ஸ் எடுத்து ட்ரெய்லருக்கு அடியில் நுழைக்கும்போது ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் அந்த வாய்க்குள் வந்து விழுந்து பூட்டிக்கொள்ளும். இவர் வாயைக் கேபின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுதும் கண்டெய்னர் இழுத்தவனுடைய கண்ணில் இது பட்ட பிறகு, அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியுமா, சொல். புதுப் பெட்டி வாங்கினாலும் பாம் ஷெல்டருக்குள் இது இப்படியே இருக்கும், இருப்பது எனக்குத் தெரியும்.

பிரிப்பதற்கு நான் கண்ட நல்ல வழி குளிர்சாதனப் பெட்டிதான். பழைய டியூப் பசை நன்றாகக் குளிர்ந்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. வண்டியை ஜிப் பையில் போட்டு இரவு முழுதும் ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்த கையோடு மூட்டுகளை மெதுவாக முறுக்கினால், டக்கென்ற ஓசையோடு விட்டுக்கொள்ளும். சூடு ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் மறுபடி உள்ளே வைக்க வேண்டும். நெத்திலிப் பொட்டலங்களுக்கு நடுவே லாரியைப் பார்த்த அம்மா சொன்னதை இங்கே எழுத வேண்டாம். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகிப்போன இடங்களில் இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே மெல்லிய ரம்பத்தால்தான் அறுக்க வேண்டியிருந்தது.

பெயிண்டை எடுக்கப் பிரேக் ஆயில். கிளைக்கால் வகை, அதாவது டாட் 3 போதும். சிலிக்கோன் வகையான டாட் 5 இதற்கு உதவாது. மூடியுள்ள டப்பாவில் பாகங்களை ஊறப்போட்டு அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தால், எனாமல் சுருங்கித் தோல் தோலாகக் கழன்று வரும்; மிச்சத்தைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவிவிடலாம். அளவுக்கு மீறி ஊறவைத்தால் பழைய பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும், அதனால் மறந்துவிட்டு வெளியூர் போகக் கூடாது. கையுறை அவசியம். கடையில் பெயிண்ட் தின்னரைக் காட்டினார்கள்; அது பெயிண்டோடு வண்டியையும் சேர்த்துக் கரைத்துவிடும். குரோம் பாகங்களின் பூச்சை எடுக்கத் துணி வெளுக்கும் பிளீச் போதுமானது, ஆனால் கழிவறை கழுவும் அமிலம் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது, விஷவாயு கிளம்பும். பளபளப்பான கறுப்பு அடித்து அதன் மேல் குரோம் நிற லாக்கர் அடித்தால் பழைய பூச்சை விட அசலாகத் தெரிகிறது; பழைய பூச்சில் எப்போதும் ஒரு பொம்மைத்தனம் இருந்தது.

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்தான் இந்த வேலையின் உயிர். இந்தப் பெட்டியில் அது ஒரே துண்டாக வருவதில்லை. நீளச் சட்டங்கள் இரண்டும் தனித்தனி, நடுவே குறுக்குச் சட்டங்களை நாம்தான் ஒட்ட வேண்டும். அவசரக்காரர் கையில் ஒரு குறுக்குச் சட்டம் ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், அது அடுத்ததை இழுக்கும், அது அச்சை இழுக்கும், கடைசியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். எல்லோரும் செய்வது, தூக்கி நிற்கும் சக்கரத்தின் அச்சை வளைத்து எப்படியாவது தரையைத் தொட வைப்பது. பட்டறையிலும் இப்படிப்பட்ட வேலையைப் பார்த்திருக்கிறேன். டயர் ஒருபக்கமாகத் தேயும்போதுதான் குட்டு வெளிப்படும். நான் குறுக்குச் சட்டங்கள் அத்தனையையும் கழற்றி, வளைந்திருந்த இடது நீளச் சட்டத்தைக் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இருந்த வெந்நீரில் காட்டி, சமையலறை மராமத்தில் மிஞ்சிய ஒரு தரை ஓட்டின் மேல் படுக்கவைத்துப் பாரம் ஏற்றி ஆறவிட்டேன். அந்த ஓட்டைப் போலச் சமதளமான பொருள் வீட்டில் வேறு இல்லை. பிறகு அதே ஓட்டின் மேலேயே, இரண்டு சட்டங்களையும் நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகே பசை வைத்தேன். தமியா நிறுவனத்தின் பச்சை மூடிப் பசை தண்ணீர் போல இருக்கும். பிரஷ் நுனியால் இடுக்கைத் தொட்டால் தானே உள்ளே ஓடிப் பரவிக்கொள்ளும், வெளியே ஒரு துளி தெரியாது. உண்மை வண்டியிலும் சேசிஸ் கோணிவிட்டதா என்று பார்க்கக் குறுக்களவுதான் எடுப்பார்கள், அதனால் கை தானாகவே அந்த வேலைக்குப் போயிற்று. இப்போது எந்தச் சக்கரத்துக்கு அடியிலும் தாள் நுழையவில்லை.

சக்கரங்களைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த சக்கரத்தின் விளிம்பைத் தின்று பள்ளமாக்கியிருக்கிறது. இதற்குக் கட்டியவர் மேல் பழி சொல்ல முடியாது. பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, 400, 600, 1000 என்று உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு இழுத்து, டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று கொடுத்திருக்கிறேன்.

முன் கண்ணாடியில் பசை படிந்து பால் போல வெளுத்திருந்தது. 359இல் முன் கண்ணாடி நடுவே ஒரு கம்பியோடு இரண்டு தட்டைப் பலகைகளாகத்தான் இருக்கும்; வளைவே இல்லாததால், பிஸ்கட் பெட்டியின் தெளிவான மூடியிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் பொருத்தினேன். அது காய்ந்தால் நிறமற்றுப் போகும், கண்ணாடியையும் மங்கச் செய்யாது. காணாமல் போன ஹாரனை, பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் கொடியின் மிச்சத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்துச் செய்தேன். கண்ணாடித் தாங்கிக்குப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் போய் மெல்லிய கம்பி வாங்க வேண்டும்.

உன் கேள்விக்கு உண்மையான பதில் கேபினுக்குள் இருந்தது. கூரையைப் பிரித்து டேஷ்போர்டை வெளியே எடுத்து விளக்கடியில் பார்த்தபோது, இவ்வளவு அலங்கோலமாக வண்டியைக் கட்டிய அதே மனிதர், கடுகளவு கூட இல்லாத மானிகள் ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளி வளையம் இட்டு, உள்ளே கறுப்பு வைத்து, அதற்குள் வெள்ளையில் முள்ளும் வரைந்திருந்தது தெரிந்தது. ஒன்றில் கூட வளையம் பிசகவில்லை. முட்களும் ஒரே திசையைக் காட்டவில்லை. ஒவ்வொன்றும் ஓடுகிற வண்டியில் இருப்பது போல வெவ்வேறு சாய்வில் நிற்கின்றன. கூரையை ஒட்டிய பிறகு யார் கண்ணிலும் படாத இடம் அது. அங்கே அவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது. பசை டியூபைக் கையில் எடுத்தபோதுதான் போய்விட்டது. வயதில் சிறியவராக இருந்திருப்பார், தூரிகை பழகிய கை, லாரியை அருகில் பார்க்காத கண் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அந்த டேஷ்போர்டைப் பிரேக் ஆயிலில் போடவில்லை. தூசியை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு அப்படியே திரும்ப வைக்கப்போகிறேன். கதவிலிருந்த ரேகையைத் தேய்த்து எடுத்துவிட்டேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. எது கோளாறோ அதைச் சரிசெய்கிறேன், எது அவருடைய வேலையோ அதை விட்டுவைக்கிறேன். புதுப் பெட்டியில் எல்லாப் பாகமும் குறைவில்லாமல் இருக்கும், ஆனால் இந்த டேஷ்போர்டு இருக்காது.

ஆகையால் எனக்காகப் புதியது வாங்க வேண்டாம். உனக்கே ஆசை இருந்தால் வாங்கி நீயே கட்டு. சேசிஸுக்கு ஒரு தரை ஓடும், ஃபிப்த் வீலுக்கு நான் மேலே எழுதியதும் உதவும். காணாமல் போன பாகங்களுக்காக நல்ல பெட்டி ஒன்றைப் பிரித்து அனுப்பும் யோசனை உனக்கு வரலாம், அதையும் செய்யாதே.

இப்போது கேபின் பிரைமரோடு நிற்கிறது. இங்கே இந்த மாதம் பிற்பகல் தவறாமல் மழை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெண்புகை படிந்தது போல வெளுத்துவிடும் என்பதால், வெயில் நன்றாக ஏறிய ஒரு முற்பகலுக்காகக் காத்திருக்கிறேன். காரிடாரில் அடித்தால் எதிர்வீட்டுப் பாட்டிக்கு இருமல் வரும். சர்வீஸ் யார்டில் அட்டைப்பெட்டி வைத்து ஜன்னலைத் திறந்து மின்விசிறியையும் ஓடவிட்டுச் செய்வதாக ஏற்பாடு. நிறம் மட்டும் முடிவாகவில்லை. அவர் அடித்த சிவப்பையே மறுபடி ஒழுங்காக அடிக்கலாம் என்பது என் எண்ணம். நான் கடைசியாக ஓட்டிய வண்டியின் கருநீலத்தை அடிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. நீ எந்தப் பக்கம் என்று இந்த வாரத்துக்குள் எழுது. பிரைமர் மேல் தூசு ஏறிவிட்டால் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். டிசம்பரில் வரும்போது பெயிண்ட் ஸ்ப்ரே எதையும் பையில் வைத்துக்கொண்டு வராதே, விமானத்தில் விடமாட்டார்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டைரீன் தகடு கிடைத்தால் இரண்டு தாள் போதும்.

அன்புடன்,
அப்பா