கவாலாவுல பீடிக்கடை வாசம்

எய்யா, நல்லா இருக்கியா, நேத்து போன்ல சரியா பேச முடியல அதான் டைப் பண்ணுறேன், தப்பு இருந்தா கண்டுக்காத. அக்காவும் அத்தானும் லீவுக்கு கிரீஸ் கூட்டிட்டு வந்திருக்காங்கல்லா, தெசலோனிக்கில எறங்கி ரெண்டு மணி நேரம் கார்ல வந்தா கவாலான்னு ஒரு ஊரு. தூத்துக்குடி மாதிரி துறைமுகம்தான், ஆனா மலைச்சரிவுல வீடு வீடா அடுக்கி வச்சாப்ல இருக்கு. எல்லாரும் கோட்டை பாக்கப் போனாங்க, எனக்கு முழங்கால் ஆகாது, அதனால அக்கா என்னைய மட்டும் புகையிலை மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போனா.

உள்ள கால் வச்சதும் அந்த வாசம்யா! நம்ம பீடிக்கடை தூள் மூட்டைய அவுத்தா வருமே அதே நெடிதான், கொஞ்சம் இனிப்பா. அக்கா மூக்க பொத்திக்கிட்டா, நான் அங்கனயே நின்னுட்டேன்.

அங்க வெளையுறது பாஸ்மான்னு ஒரு ரகம், எலை உள்ளங்கை அளவுதான். அத ஒவ்வொண்ணா ஊசில கோத்து வெயில்ல காயப்போட்டு, குடோனுக்கு வந்தப்புறம் தரம் பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, துணி சுத்தி சிப்பம் கட்டி, படகுல ஏத்தி நடுக்கடல்ல நிக்கிற கப்பலுக்கு அனுப்புவாங்களாம். அமெரிக்கா சிகரெட்டுல மணத்துக்குன்னு கலக்குறது இந்த எலையத்தானாம். ஊசி, தராசு, சிப்பம் அமுக்குற மிஷின் எல்லாம் அப்படியே வச்சிருக்காங்க.

போட்டோவுல பொம்பளைங்க வரிசையா தரையில உக்காந்து எலை பிரிக்கிறாங்க. தலையில துணி, மடி நெறைய எலை, ஒருத்திகூட கேமராவ பாக்கல. நானும் உங்க பெரியம்மாவும் திண்ணையில தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்போமே அதேதான்யா. அப்புறம் டோங்கான்னு ஒரு முறை வந்துச்சாம், எலைய அழகா அடுக்க வேண்டாம், பிரிச்சு அமுக்கிக் கட்டுனா போதும்னு. மொதலாளிக்கு என்ன லாபம்னா, கைத்தொழில் தெரிஞ்ச ஆம்பளைக்கு குடுக்குற கூலி வேண்டாம், பொம்பளைய கொறைஞ்ச கூலிக்கு வச்சுக்கிடலாம். ஆம்பளைங்களுக்கு வேலை போச்சு, ஒரே ஸ்ட்ரைக்காம். 1936 மே மாசம் தெசலோனிக்கில புகையிலைத் தொழிலாளிங்க போராட்டத்துல போலீஸ் சுட்டு 12 பேர் செத்திருக்காங்க. நாங்க கடை வாசல்ல கூலி கூட்டிக் கேட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு, எங்கள யாரும் சுடல, ரெண்டு வாரம் எலை குடுக்கல அவ்வளவுதான், அந்த ரெண்டு வாரமும் உனக்கு ஸ்கூல் பீஸ் கட்டல.

வெளிய அந்தப் பழைய குடோனுங்க இன்னும் நிக்குது, பெரிய பெரிய கட்டடம். 1922, 23-ல துருக்கில இருந்து வந்த அகதிங்கள இந்த மாதிரி குடோன்லதான் தங்க வச்சாங்களாம். 1943 மார்ச்சுல, பல்கேரியா பட்டாளம் ஊரப் பிடிச்சு வச்சிருந்தப்ப, இங்க இருந்த யூதங்கள குழந்த குட்டியோட பிடிச்சு புகையிலை குடோன்லதான் அடைச்சு வச்சு அப்புறம் போலந்துக்கு கொண்டுபோயி கொன்னுருக்காங்க. அத அக்கா படிச்சு சொன்னதும் எனக்கு காப்பி கூட எறங்கல.

ஒண்ணு கேக்கேன் கோவிச்சுக்கிடாத. உன் கல்யாணத்துக்கு முன்னாடி, அம்மா பீடி சுத்துனத பொண்ணு வீட்டுல சொல்ல வேண்டாம்னு சொன்ன, நானும் சரின்னுட்டேன். சின்னதுல நான் சோறு ஊட்டுனா கை கசக்குதும்மான்னு அழுவ, சோப்பு போட்டு போட்டு தேச்சாலும் அந்தக் கசப்பு போகாது. நேத்து அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னு பழக்கதோஷத்துல என் வெரல மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல, அக்கா குடுத்த கிரீம் வாசம்தான்.

வீட்டுல வெள்ளையடிக்க ஆள் விடுறேன்னு சொன்னியே. பரண்ல என் தட்டும் கத்தரியும் எலை வெட்டுற அளவுத் தகரமும் ஒரு சாக்குல கட்டி கெடக்கு, எடைக்குப் போட்டுறாத. 14-ம் தேதி ராத்திரி திருவனந்தபுரத்துல எறங்குறேன், பேத்திய தூங்க வைக்காம கூட்டிட்டு வா.

அம்மா